கையில் இருந்ததை வைத்துப் படமெடுத்தவர்கள்

படம் எடுப்பது என்றாலே கோடம்பாக்கம், கோடிக் கணக்கில் பணம், கிரேன், ஜெனரேட்டர் வண்டி, நூறு பேர் கொண்ட யூனிட் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் தென்னாட்டில் சினிமா பிறந்த கதையே வேறு. மோட்டார் வியாபாரம் செய்த ஒருவர், பல் வைத்தியர் ஒருவர், பத்திரிகை நடத்திய செட்டிநாட்டு இளைஞர் ஒருவர் என்று தனி மனிதர்கள்தான் அதற்குப் பிள்ளையார் சுழி போட்டார்கள். சொந்தப் பணம், சொந்த மூளை, சொந்த உழைப்பு. அவ்வளவுதான் அவர்களிடம் இருந்த முதலீடு.

நான் நம் கல்லூரியில் இயந்திரவியல் படித்துவிட்டு, இப்போது துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் எந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். சினிமாக்காரன் இல்லை. ஆனாலும் கேமரா என்பது ஓர் எந்திரம்தானே! அந்த ஆசையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தக் கதைகளைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். கல்லூரிப் பக்கம் வரும்போதெல்லாம் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "அண்ணே, எந்தக் கேமரா வாங்குனா நல்லாருக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு நான் சொல்ல நினைக்கும் பதில்தான் இந்தக் கட்டுரை. பதில் கொஞ்சம் நீளம். நூறு ஆண்டுக்கு முன்னால் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

வெயிலை வடிகட்டிய முதலியார்

வேலூரில் பிறந்த ஆர். நடராஜ முதலியார் சென்னையில் மோட்டார் கார், உதிரிபாக வியாபாரம் செய்தவர். தாதாசாகிப் பால்கேயின் படங்களைப் பார்த்து, நாமும் எடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அப்போது திரைப்படக் கல்லூரியா இருந்தது? புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய கேமராக்காரர் இருப்பதைக் கேள்விப்பட்டு அவரிடம் போய்க் கற்றுக்கொண்டார். திரும்பி வந்து கீழ்ப்பாக்கம் பக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களாவைப் பிடித்து ஸ்டூடியோ ஆக்கினார். 1917-18 காலத்தில் 'கீசக வதம்' உருவானது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் இதுதான்.

மின் விளக்கு வைத்துப் படமெடுக்கும் வசதி அவரிடம் இல்லை. இருந்தது சென்னை வெயில் மட்டும். அந்த வெயிலோ தலைக்கு மேலே நின்று, கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழ வைக்கும். முதலியார் என்ன செய்தார்? மேலே மெல்லிய வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். துணி வழியாக வடிந்து வந்த வெளிச்சம் மெத்தென்று பரவி விழுந்தது. இன்றைக்குச் சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் பெரிய சட்டம் கட்டிய துணித் திரைக்கும் இதற்கும் தத்துவத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. சூரியன் நம் கண்ணுக்கு ஒரு புள்ளி. அதனால் நிழல் கத்தி மாதிரி விழுகிறது. துணியைக் கட்டினால் துணி முழுவதும் விளக்கு ஆகிவிடுகிறது. நிழலின் ஓரம் கரைந்துவிடுகிறது.

கேமராவும் கையால் சுற்றுவதுதான். விநாடிக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு எட்டுப் படம், ஆக விநாடிக்கு 16 படம். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படம் அடங்கும். ஆகவே ஓர் அடி பிலிம் ஒரு விநாடி! 'கீசக வதம்' சுமார் 6,000 அடி. கணக்குப் போட்டால் நூறு நிமிடம். கை ஒரே சீராகச் சுற்ற வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் பீமன் திரையில் ஓட ஆரம்பித்துவிடுவான்.

எடுத்த பிலிமைக் கழுவுவது அடுத்த சோதனை. பிலிமின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். கழுவும் மருந்துநீர் சுமார் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது ஒழுங்காக இருக்கும். சூடு ஏறினால் ஜெலட்டின் ஊறி, இளகி, படம் கழன்றே போய்விடும். சென்னைக் கோடையில் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு. ஐஸ் போட்டுச் சமாளிப்பதை விட ஊரையே மாற்றுவது மேல் என்று முதலியார் பெங்களூரில் கழுவும் கூடத்தை அமைத்தார். படப்பிடிப்பு சென்னையில், கழுவுவது பெங்களூரில். எந்திரத்தால் தீராத சிக்கலை இடத்தை மாற்றித் தீர்த்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பின்னாளில் ஸ்டூடியோவில் தீ விபத்து, மகனின் மறைவு என்று அடுத்தடுத்து அடி விழ, அவர் சினிமாவை விட்டே விலகிவிட்டார். அவர் எடுத்த படம் ஒன்றுகூட இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அகஸ்தீஸ்வரத்துப் பல் வைத்தியர்

நமக்குப் பக்கத்தில், குமரிக் கரையில் நடந்தது அடுத்த கதை. ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். வாள்வீச்சிலும் சிலம்பத்திலும் தேர்ந்தவர். அதைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமே எழுதியவர். சொந்த நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். 'விகதகுமாரன்' என்ற ஊமைப்படத்தை எடுத்தார். கதை அவரே, இயக்கம் அவரே, தயாரிப்பு அவரே, கதாநாயகன் அவரே, கேமராவும் படத்தொகுப்பும் அவரே. இன்றைக்கு நம் மாணவர்கள் டைட்டில் கார்டில் எல்லா இடத்திலும் தங்கள் பெயரையே போட்டுக்கொள்கிறார்களே, அதற்கு மூத்த முன்னோடி இவர்!

படம் வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் இரு விதமாகச் சொல்கிறார்கள். வெளியான இடம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர். கதாநாயகி பி.கே. ரோசி ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பெண். அவர் உயர்சாதிப் பெண்ணாக நடிப்பதா என்று தியேட்டரில் கலவரமே நடந்தது. ரோசி ஊரை விட்டே ஓட நேர்ந்தது. டேனியல் கடனாளி ஆனார். பிறகு பல் வைத்தியராகத் தமிழ்நாட்டுப் பக்கம் காலம் தள்ளி, 1975இல் அகஸ்தீஸ்வரத்திலேயே காலமானார். மலையாள சினிமாவின் தந்தை என்று கேரள அரசு 1992 முதல் அவர் பெயரில் விருது கொடுக்கிறது. படம்தான் இல்லை.

அதே குடும்ப வட்டத்தில் வந்தவர் நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ். டேனியலுக்கு உறவினர். அவர் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கி, 1933இல் வெளியான படம் 'மார்த்தாண்ட வர்மா'. சி.வி. ராமன் பிள்ளையின் புகழ்பெற்ற நாவலைத் தழுவியது. நாவலின் உரிமை தங்களிடம் இருக்கிறது என்று திருவனந்தபுரத்துப் புத்தக நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டது. வந்த வேகத்தில் படம் தியேட்டரை விட்டுப் போனது; பிரதி அந்தப் புத்தகக் கடைக்காரர்களின் வசம் போய்ச் சேர்ந்தது. சுந்தர்ராஜுக்குப் பெருத்த நஷ்டம்.

கதை இங்கேதான் திரும்புகிறது. முடக்கப்பட்ட அந்தப் பிரதி யாரும் தொடாமல் பல்லாண்டு காலம் கிடந்தது. 1974இல் புனே தேசியத் திரைப்படக் காப்பகம் அதை வாங்கியது. தென்னிந்திய ஊமைப்படங்களில் நமக்கு மிஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றில் 'மார்த்தாண்ட வர்மா'வும் ஒன்று. ஓடிய படங்கள் ஓடித் தேய்ந்து மறைந்தன. ஓடாத படம் தப்பித்தது. வழக்குப் போட்டவர்கள் தெரியாமலேயே படத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள்!

ஐம்பதாயிரம் அடியில் இருந்து பன்னிரண்டாயிரம்

கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார் ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகை நடத்தியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2, காந்திஜியின் பிறந்த நாள். நியூயார்க்கில் இருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில் அவருக்கு ஒரு யோசனை வந்தது: காந்திஜியைப் பற்றி ஒரு முழுநீள விவரணப்படம் எடுக்க வேண்டும். வயது இருபதுகளின் நடுவில். கையில் பெரிய பணமோ பின்னால் ஸ்டூடியோவோ கிடையாது.

காந்திஜியின் கடந்த காலத்தைப் புதிதாகப் படம் பிடிக்க முடியுமா? முடியாது. பல நாடுகளில் பல கேமராக்காரர்கள் முன்பே எடுத்து வைத்திருந்த துண்டுகளைத் தேடி வாங்குவதுதான் ஒரே வழி. தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றினார். சுமார் முப்பது ஆண்டு காலத்தில் ஏறக்குறைய நூறு கேமராக்காரர்கள் எடுத்த காட்சிகளில் இருந்து 50,000 அடி பிலிம் சேர்ந்தது. அதைக் குறைத்துக் குறைத்து 12,000 அடிப் படமாக்கினார். 1940 ஆகஸ்டில் சென்னையில் தமிழில் வெளியானது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், ஆள்வது வெள்ளைக்காரன், படமோ காந்தியைப் பற்றி! அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது?

எந்திரக்காரன் கண்ணோடு இதைப் பார்க்கலாம். பேசும் படத்துக்கு விநாடிக்கு 24 படம். நிமிடத்துக்கு 90 அடி. 50,000 அடி என்றால் ஒன்பதே கால் மணி நேரம். 12,000 அடி என்றால் இரண்டே கால் மணிக்குச் சற்றுக் குறைவு. நாலில் ஒரு பங்குதான் மிஞ்சியது. மீதி மூன்று பங்கை எடுத்து வைக்கும் மனம் இருந்ததால்தான் அது படம் ஆனது. எடிட்டிங் என்பது ஒட்டுகிற வேலை என்று நினைக்கிறோம். விடுகிற வேலை அதைவிடப் பெரிது.

பழைய துண்டுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஊமைப்படக் காலத்தில் விநாடிக்கு 16 படமாக எடுத்ததை 24 படமாக ஓட்டினால் ஆட்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் குடுகுடுவென்று நடப்பார்கள். இதற்கு அந்தக் காலத்து லேபில் இருந்த வைத்தியம் எளிது: ஒன்றுவிட்டு ஒரு படத்தை இரண்டு முறை அச்சிடுவது. 16 என்பது 24 ஆகிவிடும், நடை சரியாகிவிடும். இன்றைக்கும் இதே தொல்லை வேறு உருவில் வருகிறது. ஒருவன் செல்போனில் 30 படமாக எடுப்பான், இன்னொருவன் கேமராவில் 25 படமாக எடுப்பான், கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்த்தால் நடையில் ஒரு விக்கல் தெரியும். படப்பிடிப்புக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்து ஒரே எண்ணைத் தீர்மானித்துவிட்டால் தீர்ந்தது.

செட்டியார் படத்தின் கதி என்ன? சுதந்திரத்துக்குப் பின் 1953இல் அமெரிக்காவில் சுருக்கமான ஆங்கில வடிவம் வந்தது. மூலத் தமிழ்ப் படம் கண்ணில் இருந்து மறைந்தது. வரலாற்றறிஞர் ஆ.இரா. வேங்கடாசலபதி பல ஆண்டு தேடி, அந்த ஆங்கில வடிவத்தின் பிரதியை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டுபிடித்தார். நம் ஊர் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் வரலாற்றை எழுதியவரும் இதே வேங்கடாசலபதிதான். கப்பல், படம் இரண்டும் தனி மனிதர்களின் துணிச்சல். இரண்டையும் தேடி எடுக்க இன்னொரு தனி மனிதர் தேவைப்பட்டிருக்கிறார்.

ஜன்னல் வெளிச்சம்

நமக்குத் தெரிந்த காலத்துக்கு வருவோம். மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர் பாலுமகேந்திரா. 1988இல் வெளிவந்த 'வீடு' படத்தைப் பார்க்காத தம்பி தங்கைகள் அவசியம் பார்க்க வேண்டும். சொந்த வீடு கட்ட ஆசைப்படும் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் கதை. படத்துக்காக ஒரு வீடு நிஜமாகவே கட்டப்பட்டது. கட்டடம் வளர வளரப் படமும் வளர்ந்தது. திரைக்கதை, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் ஒருவரே. பாட்டு கிடையாது. இளையராஜா முன்பே வெளியிட்டிருந்த இசைத்தொகுப்பில் இருந்து பின்னணி இசை. தேசிய விருதுகளும் வந்தன.

அந்தப் படத்தின் வெளிச்சத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஜன்னலும் வாசலும்தான் விளக்கு. இதை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், ஓரிரண்டு அடி தள்ளி உட்கார வையுங்கள். வெளிச்சம் படாத கன்னத்துப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடியுங்கள். அட்டையை நெருக்கினால் நிழல் மெலியும், தள்ளினால் கனக்கும். ஐம்பது ரூபாய்ச் செலவு. அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் ஒரே நிறம் இல்லை, முகம் பாதி நீலமும் பாதி பச்சையுமாகத் தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. எடுப்பவனே வெட்டுபவனாக இருந்தால் எது தேவையில்லை என்பது எடுக்கும்போதே தெரியும். குறைந்த பணத்தில் படமெடுப்பவருக்கு இதைவிடப் பெரிய மிச்சம் கிடையாது. பணத்துக்கு என்ன வழி என்று கேட்டால் ஜான் ஆபிரகாமைச் சொல்வேன். தமிழில் 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) எடுத்தவர். மலையாளத்தில் 'அம்ம அறியான்' (1986) படத்துக்கு அவரும் ஒடேஸா நண்பர்களும் ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார்கள். முன்னாள் மாணவர் சங்கம் என்று ஒன்று வைத்திருக்கும் நமக்கு இந்தச் செய்தி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை!

நம் கடற்கரைக்கு வந்தால்

சரி, தூத்துக்குடியில் படமெடுப்பவன் என்ன செய்ய வேண்டும்? நம் ஊருக்கென்று சில குணங்கள் இருக்கின்றன.

முதலாவது உப்பளம். வெள்ளை உப்புக் குவியல் முன்னால் ஆளை நிறுத்தி எடுத்தால் உப்பு சாம்பல் நிறமாகவும் ஆள் கரிக்கட்டையாகவும் வருவார். கேமராவின் கணக்கு அப்படி: பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை நிறைய இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துத் தானே குறைத்துவிடும். ஆகவே தானியங்கியை அணைத்துவிட்டு, ஆளின் முகத்துக்கு அளவு வையுங்கள். வழக்கத்தை விட ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டியிருக்கும். காலை எட்டரைக்குள், மாலை நாலுக்கு மேல் எடுத்தால் பாதி வேலை மிச்சம். உச்சி வெயிலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலியார் காட்டிய வழி இருக்கிறது: ஒரு எட்டு முழ வேட்டி, நாலு கம்பு, பிடித்துக்கொள்ள நாலு நண்பர்கள்.

இரண்டாவது மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதனால் விளக்குகள் விநாடிக்கு நூறு முறை மின்னி மங்கும். ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு என்று வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடாது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து 60 என்று வைத்துவிட்டு, கேமரா கெட்டுப்போச்சு என்று புலம்பக் கூடாது. வெளி வெயிலில் இந்த ஷட்டருக்கு வெளிச்சம் அதிகமாகிவிடும். லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி வடிகட்டி மாட்டினால் போதும்.

மூன்றாவது காற்று. ரோச் பூங்காவில் நின்று பேசினால் பேச்சு கேட்காது, காற்றுதான் கேட்கும். மைக்குக்கு மேலே மெத்தை உறையும் அதற்கு மேலே ரோமம் போன்ற துணி உறையும் வேண்டும். சட்டையின் உள்பக்கம் மைக்கை ஒட்டி, இன்னொரு செல்போனில் ஒலியைத் தனியாகப் பதிவு செய்யலாம். தொடங்கும்போது ஒரு கைதட்டு. படத்தில் கை சேரும் இடமும் ஒலியில் 'டப்' என்று கேட்கும் இடமும் ஒன்றாக வைத்தால் உதட்டசைவு பொருந்திவிடும். கிளம்பும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டும்போது ஒலியில் விழும் ஓட்டைகளை அடைக்க அது உதவும்.

நான்காவது உப்பு. லென்ஸில் படிந்த உப்பைக் காய்ந்த துணியால் துடைத்தால் படிகம் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு சுத்திகரித்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். ஏ.சி. அறையில் இருந்து நேரே கடற்கரைக்குக் கொண்டுபோனால் கண்ணாடி வியர்க்கும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருந்து வெளிச் சூட்டுக்குப் பழகட்டும். வீட்டில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிடும்.

கடலுக்கு அடியில்? எதிர்க்கரை இலங்கையில் 1962இலேயே செய்துவிட்டார்கள். மைக் வில்சன், எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் கூட்டில் உருவான 'ரன்முத்து தூவ' முதல் வண்ணச் சிங்களப் படம். அதில் கடலடிக் காட்சிகள் உண்டு. நீருக்குள் சிவப்பு நிறம்தான் முதலில் சாகும். சில மீட்டர் இறங்கினாலே எல்லாம் நீலமும் பச்சையும் ஆகிவிடும். பொருள்கள் முக்கால் பங்கு தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். இந்தக் கணக்கு எதுவும் படிக்காமலேயே அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தவர்கள் நம் ஊரில் இருந்தார்கள்.

யாரைச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும்.

முத்துக் குளித்தவர்களின் குரல்

கொற்கைக் காலத்தில் இருந்து இந்தக் கடலில் முத்துக் குளித்தார்கள். காற்று அடங்கிய பருவத்தில், கல்லைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஒரு நிமிடத்துக்குள் சிப்பியைக் கூடையில் அள்ளிக்கொண்டு, மேலே இருப்பவர் கயிறு இழுக்க ஏறி வருவார்கள். 1955 முதல் தொடர்ந்து நடந்த குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. 1973இல் இதே தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் மன்னார் வளைகுடாவின் பார்களில் பழைய குளிப்பு திரும்பவே இல்லை.

எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற அதிகாரிகள் முத்துக் குளிப்பைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை படகு, எத்தனை சிப்பி, எவ்வளவு வருமானம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அவை கரையில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர்களின் பார்வை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போனவனுக்கு எப்படி இருந்தது என்பதை அவன் வாயால்தான் கேட்க வேண்டும்.

1961இல் இருபது வயதில் குளித்தவருக்கு இன்றைக்கு எண்பதைத் தாண்டி வயது நடக்கிறது. நம் தெருக்களில், நம் மாணவர்களின் வீடுகளில், திண்ணையிலோ நார்க்கட்டிலிலோ அவர்களில் மிஞ்சிய சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். "தாத்தா, முத்துக் குளிச்ச கதையைச் சொல்லுங்க" என்று கேட்டால் சொல்வார்கள். இன்னும் சில ஆண்டுகள் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

"எந்தக் கேமரா வாங்கலாம் அண்ணே?" என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கேமரா ஏற்கெனவே உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. முதலியாருக்கும் டேனியலுக்கும் கனவில்கூடக் கிடைக்காத எந்திரம் அது. ஜன்னல் பக்கம் தாத்தாவை உட்கார வையுங்கள். மைக்கைச் சட்டையில் மாட்டுங்கள். போனை ஏதாவது ஒன்றின் மேல் அசையாமல் நிறுத்துங்கள். ஒரு கைதட்டு. பிறகு பேச விட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. மேலே நான் சொன்ன எல்லாருமே வெளிச்சத்தை ஜெயித்தார்கள், பணத்தட்டுப்பாட்டை ஜெயித்தார்கள், எந்திரத்தை ஜெயித்தார்கள். காப்பாற்றி வைப்பதில்தான் எல்லாரும் தோற்றார்கள். முதலியார் படம் இல்லை. டேனியல் படம் இல்லை. செட்டியாரின் தமிழ்ப் படம் மறைந்துபோனது. 'வீடு', 'சந்தியாராகம்' படங்களின் நெகட்டிவ்கள் கெட்டுப்போனதைப் பற்றிப் பாலுமகேந்திரா கடைசிவரை மனம் நொந்து பேசினார். தமிழ்நாட்டுக்கு ஒரு திரைப்படக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே 2014இல் போய்ச் சேர்ந்தார். தப்பித்தது ஒரு கடையில் முடங்கிக் கிடந்த 'மார்த்தாண்ட வர்மா'.

நம் பிலிம் இன்று ஹார்ட் டிஸ்க். அதுவும் சாகும். உப்புக் காற்றில் சீக்கிரமே சாகும். போன் தொலைந்தால் படமும் தொலைந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி சுருங்கிப்போன பிரதி. அதை மூலம் என்று நம்பக் கூடாது. எந்திரப் பராமரிப்பில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு: ஒரே ஒரு உதிரிபாகம் இருந்தால் உதிரிபாகமே இல்லை என்று கணக்கு. படத்துக்கும் அதேதான். மூன்று பிரதி வையுங்கள். அதில் இரண்டு வேறு வேறு வகைச் சாதனத்தில் இருக்கட்டும். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் பேசியவர் பெயர், ஊர், தேதி, எடுத்தவர் பெயர் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை திறந்து ஓட்டிப் பாருங்கள்.

இதற்காகச் சங்கத்துக்கு ஒரு சிறு யோசனை. நம் கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரி, அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க், சிலிக்கா பொட்டலம், ஒரு பதிவேடு. மூன்றாவது பிரதி வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டில். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை டிஸ்க்கை மாற்றும் செலவைச் சங்கம் ஏற்கலாம். அடுத்த சந்திப்புக்குள் பத்துப் பெரியவர்களின் பேச்சாவது அந்த அலமாரியில் ஏறிவிட வேண்டும். முதல் ஜோடி டிஸ்க்கை நான் வாங்கித் தருகிறேன். படமெடுக்க முன்வரும் தம்பி தங்கைகள் விடுமுறை நாளில் என்னையும் கூப்பிடுங்கள். வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டுமல்லவா!